பிறந்த வீட்டுக் கோடி

படம் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்துக்குள் மரகதம் அழுதுகொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மரகதம் அழவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, திரையில் கறுப்பாகக் கிடந்த சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் சிடி சுற்றுகிற கர்ர் என்ற சத்தம், அதற்கு மேல் ஸ்பீக்கரில் பறை, பெண்கள் மாரடிக்கிற தப்தப்பு, யாரோ இரும்பு நாற்காலியைச் சிமெண்ட் தரையில் இழுக்கிற கிறீச்சு, இவை எல்லாவற்றுக்கும் அடியில் மேலே வந்தும் அமுங்கியும் அவள் குரல். இழுத்து அழுது முடிக்கிற இடத்தில் தொண்டை உடைந்து ஒரு விக்கல் வரும். அது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே உள்ளது. அவளுக்குத் தெரிந்து வேறு யாருக்கும் கிடையாது.

"நீங்க அழுவறது நல்லா கேக்குது ஆன்ட்டி," என்றான் ஓஸ்வால்ட், திரையை விட்டுக் கண் எடுக்காமல். "சத்தத்துல ஒண்ணும் கொறை இல்ல. படம்தான் பேஜார் பண்ணுது."

சிடியில் இருப்பது அவள் மகள் உஷாவின் சாவு. அது மட்டும்தான் ஓஸ்வால்டுக்குத் தெரியும். அந்தச் சாவுக்கு மரகதம் போய்ச் சேரவே இல்லை என்பது தெரியாது.

காக்ஸ் டவுனில் ஒரு பழைய சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹால் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், வீட்டு வேலைக்கும் கூட்டுகிற வேலைக்கும் போகிற பெண்களுக்கு அங்கே எழுத்து சொல்லிக் கொடுப்பார்கள். மரகதம் நீலசந்திராவிலிருந்து வந்து போவாள். நாற்பது வயசுக்கு மேல்தான் அவள் 'அ' போட்டாள். ஹாலைக் கூட்டித் துடைப்பதும் அவள்தான் என்பதால் சாவி அவளிடமே இருக்கும். எந்தக் கம்பெனியிலோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் நாலைந்து தானமாக வந்தபோது, ரிச்சர்ட்ஸ் டவுன்காரன் ஓஸ்வால்ட் அவற்றுக்கு லினக்ஸ் போட்டு, பட்டன் எல்லாம் தமிழில் வருகிற மாதிரி செய்து கொடுத்தான். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவன் வேலை. முப்பதைத் தாண்டியவன், ஞாயிற்றுக்கிழமையை இங்கே கழிப்பான். பெட்டியைப் போட்டதும் திரையில் ஒரு குண்டுப் பறவை வரும். பெங்குவின் என்றான் அவன். கோட்டு போட்ட காக்கா என்று மரகதம் சொல்ல, வகுப்பே சிரித்துப் புரண்டது. அது உஷா இருந்தபோது.

ஓஸ்வால்ட் வேறொரு பிளேயரைத் திறந்தான். கறுப்புச் சதுரம். அதை மூடிவிட்டு இன்னொன்று. அதுவும் கறுப்பு. பிறகு வெறும் எழுத்தாக ஓடுகிற ஒரு சன்னலைத் திறந்து எதையோ தட்டினான். வெள்ளை எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி மேலே ஏறிப் போயின. கடைசியில் நடுத்திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. அதில் தமிழில், படத்தைப் பிரித்துக் காட்டுகிற 'கோடெக்' காணவில்லை என்று இருந்தது.

மரகதம் எழுத்துக்கூட்டினாள். கொம்பு போட்ட எழுத்தும் சுழி போட்ட எழுத்தும் அவளுக்கு எப்போதும் தகராறு. "கோ... டெ... டி... கோடி. கா...ண...வில்லை. கோடி காணவில்லை."

"ஆங், அதேதான்," என்றான் ஓஸ்வால்ட், விரல் கீபோர்டில் ஓட. "அது இல்லாம படம் வராது."

அவள் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"இதுக்கு எப்படி தம்பி தெரியும்? அது போடலன்னு?"

"எல்லாத்துக்கும் உள்ளார எழுதியிருக்கும் ஆன்ட்டி. மனுஷன ஏமாத்தலாம், மிஷின ஏமாத்த முடியாது."

"வேற யாராச்சும் வாங்கிப் போட்டா ஆவாதா?"

"அதைத்தான இவ்ளோ நேரம் பாத்தேன். நம்ம கிட்ட இருக்கற எதையும் ஒத்துக்க மாட்டேங்குது. ஸ்டூடியோக்காரன் ஏதோ மலிவு கார்டுல பதிஞ்சிருக்கான். அந்தக் கார்டைப் பெத்தவன் எவனோ, அவன்கிட்டருந்து வரணும். பெத்த எடத்துலருந்து வந்தாத்தான் ஏத்துக்கும். அடுத்தவங்களுது செல்லாது."

"பெத்த எடத்துலருந்து," என்றாள் மரகதம்.

"ஆமா. கொண்டாந்து இது மேல போட்டுட்டோம்னா, முகம்லாம் பளிச்சுன்னு வந்துரும்."

கோடி என்றால் ஓஸ்வால்டுக்குப் பணக் கணக்குதான் தெரிந்திருக்கும். அவன் சனத்தில் இறந்தவர்களுக்குக் கோட்டும் சூட்டும் போட்டுப் பெட்டியில் வைப்பார்கள். மரகதம் சனத்தில் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும். அதுதான் கோடி. பெற்றவளோ கூடப்பிறந்தவனோ அதைக் கொண்டுவந்து உடம்பின் மேல் போடுகிறவரை யாரும் தூக்க மாட்டார்கள். போட்டவர்களுக்கு முகத்தைக் காட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் பாடை.

உஷாவைத் தங்கவயலில் கட்டிக் கொடுத்திருந்தது. ராத்திரி படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று விடியற்காலையில் தெருமுனைக் கடைக்குப் போன் வந்தது. அன்றைக்குப் பார்த்து பந்த். பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. தெரிந்த துணிக்கடைக்காரரைக் கூப்பிட்டு எழுப்பி, பின்வாசல் வழியாக ஒரு சிவப்புச் சேலையை வாங்கிக்கொண்டு, நடந்து, பால் வண்டியில் ஏறி, மறித்த இடத்தில் இறங்கி, மறுபடி நடந்து அவள் போய்ச் சேர்ந்தபோது பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளைகள் குளித்து, ஈர வேட்டியோடு நின்றார்கள். எடுத்தாச்சு என்றார்கள். மழை வரும் போல் இருந்தது, அதனால் எடுத்தாச்சு. மாப்பிள்ளை முனிகிருஷ்ணன் தலையைத் தூக்கவே இல்லை.

அதிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். முனிகிருஷ்ணன் சிடியைத் தருகிறேன் தருகிறேன் என்று இழுத்தடித்தான். போன வாரம் அவளே தங்கவயலுக்குப் போய், சாவை வீடியோ எடுத்த ஸ்டூடியோவில் கேட்டு வாங்கினாள். ஸ்டூடியோக்காரர் சிடியை நீட்டும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "கட் பண்ணலாம்னு உக்காந்தேன்மா. பாதியில எழுந்துட்டேன். பதிஞ்சது பதிஞ்ச மாதிரியே போட்டிருக்கேன்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது அவள் கேட்கவில்லை.

"இங்க நெட் ரொம்ப இழுவை," என்று எழுந்தான் ஓஸ்வால்ட். "வீட்டுக்குப் போயி எறக்கி, சிடியில எழுதிக்கினு வந்துடறேன். நீங்க ஆராமா உக்காருங்க. எதையும் நோண்டாதீங்க, இது ஏற்கெனவே கெழம்."

"மழை வருது தம்பி."

"அது வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன். பந்தயமா?"

அவன் பைக் சத்தம் சர்ச்சைச் சுற்றிப் போய், மெயின் ரோட்டில் கலந்து மறைந்தது.

வகுப்புப் பெண்கள் போய்விட்ட ஹாலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. இன்னும் சாயங்காலம்கூட ஆகவில்லை. ஆனால் மேகம் இறங்கி, உயரச் சன்னல்களின் கலர்க் கண்ணாடியெல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது. வந்ததும் அவள் போட்ட பினாயில் வாசனையும் மூலையில் எரிந்து அணைந்த மெழுகுவத்தி வாசனையும் கலந்து, ஈரச் சாக்கு மாதிரி ஒரு நாற்றம் தரையிலிருந்து எழுந்தது. மற்ற கம்ப்யூட்டர்களின் கண்ணாடியில், நீலக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒருத்தி. ஆபீசில் கொடுத்த கூட்டுகிறவள் கோட்டு. காலையில் அங்கே முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தாள்.

நோண்டாதே என்றுதான் சொன்னான். ஆனால் 'இயக்கு' என்ற பட்டனை அவளால் படிக்க முடியும்.

அமுக்கினாள்.

பறை. மாரடி. நாற்காலியின் கிறீச்சு. முதலில் கேட்டபோது அவள் குரல் எல்லாவற்றுக்கும் பின்னால், கூட்டத்தின் அந்தக் கடைசியில் இருந்தது. இப்போது கூட்டத்துக்கு நடுவில் இருந்தது. ஓஸ்வால்ட் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்தாள். ஆனால் பறை கூடவில்லை, மற்ற பெண்கள் கூடவில்லை. அவள் குரல் மட்டும் நகர்ந்து வந்திருந்தது.

நிறுத்தினாள். வெளியே முதல் தூறல் ஓட்டின் மேல் ஒவ்வொன்றாக விழுந்தது. திரும்பவும் முதலிலிருந்து ஓட்டினாள்.

இந்தத் தடவை குரல் பக்கத்திலேயே இருந்தது, மைக்கை வாயில் கடித்துக்கொண்ட மாதிரி. மூச்சு வாங்குவது கேட்டது. விக்கல் கேட்டது. அழுகை என்று அவள் நினைத்தது முழுக்க அழுகை அல்ல என்பதும் இப்போது தெரிந்தது. அதில் வார்த்தை இருந்தது. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப.

மரகதம் ஸ்பீக்கரில் காதை வைத்தாள். பிளாஸ்டிக் சுடுகிற வாசனை.

"மூச்சு இருக்குது," என்றது அவள் குரல். "மூச்சு இருக்குது. வாய்க்கட்டை அவுருங்க."

அவள் காதை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

உஷாவுக்குச் சின்ன வயசில் வலிப்பு வரும். வெட்டி இழுத்து முடித்த பிறகு கட்டை மாதிரி கிடப்பாள். கை ஐஸாகிவிடும், மூக்கில் விரலை வைத்தால் ஒன்றும் தெரியாது. முதல் தடவை அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஓலமே வைத்துவிட்டார்கள். மரகதத்துக்கு மட்டும் ஒன்று பழகியிருந்தது. மெல்லிய துணியை வாயின் மேல் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவோ நேரம் கழித்து, வாய் இருக்கிற இடத்தில் துணி துளியூண்டு உள்ளே போகும். அதைப் பார்த்துவிட்டால் அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விடுவாள். ஒரு பொழுது கழித்துப் பிள்ளை எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, பசிக்குதும்மா என்று வந்து நிற்கும். வயசுக்கு வந்த பிறகு வலிப்பு தானாக நின்றுபோனது. நின்றுபோனதைப் பற்றி யார் யாரிடம் பேசப்போகிறார்கள்.

தங்கவயலில் யாருக்கும் அது தெரியாது.

ஸ்பீக்கரில் பறை நின்றது. ஆம்பிளைக் குரல்கள்.

"நேரமாவுது, தூக்குங்கப்பா."

"அவங்கம்மா வந்துடட்டுமே." இது முனிகிருஷ்ணன்.

"பந்த்துல எங்கேந்துடா வருவா? மானம் இருட்டிக்கினு வருது பாரு. கோடி இல்லன்னா இல்லாம போவட்டும். தூக்கு."

அதற்குப் பதிலாக, ஸ்பீக்கருக்கு ரொம்பப் பக்கத்தில், அவள் குரல்: "டேய், நான் இங்கதான்டா நிக்கறேன்."

யாரும் திரும்பிப் பேசவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுகிற சத்தம். பறை மறுபடி தொடங்கியது.

பாதியில் எழுந்துட்டேன் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னாரே.

மரகதம் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. திரையில் அந்தக் கட்டம் அப்படியே நின்றது. கோடி காணவில்லை. அதற்குக் கீழே ஒரே ஒரு பட்டன். 'சரி.' அந்த வார்த்தையை அவள் அமுக்கவில்லை. எதற்குச் சரி சொல்வது?

ஹாலின் கடைசியில் துடைப்பமும் வாளியும் வைக்கிற மர அலமாரி இருந்தது. தங்கவயலிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு அவள் நேரே இங்கேதான் வந்தாள். பிணத்துக்கு என்று எடுத்த கோடி வீட்டுப்படி ஏறக் கூடாது. யாருக்கும் கொடுக்கவும் கூடாது. தூக்கிப் போட மனசு வரவில்லை. அலமாரியில் பழைய துடைதுணிகளுக்கு அடியில், கடைக்காரர் கொடுத்த பையோடு அதைச் சொருகி வைத்துவிட்டாள். அதன் பிறகு அந்தத் தட்டுப் பக்கம் கை போனதே இல்லை.

கதவைத் திறந்தபோது பூஞ்சை வாசனையும் எலிப்புழுக்கை வாசனையும் வந்தன. துடைதுணிகளைத் தள்ளினாள். பை இருந்தது. பைக்குள் சேலை மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது, ஆனால் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு நேரம் யாரோ மடியில் வைத்திருந்து கொடுத்த மாதிரி.

ஓஸ்வால்ட் சொன்னது ஏதோ மிஷின் சாமான் என்று அவளுக்கும் புரியாமல் இல்லை. சிடியில் எழுதிக் கொண்டுவருகிற ஒன்று. சேலையைச் சிடியில் எழுத முடியாது என்பது எந்தக் கூட்டுகிறவளுக்கும் தெரியும். ஆனால் பெத்த எடத்துலருந்து வரணும் என்று அவன் வாயால் சொன்னான். மேல போடணும் என்றான். போட்டால் முகம் வரும் என்றான்.

அவள் சேலையை உதறினாள். நைலக்ஸ் சேலை, சிவப்பு, மஞ்சள் கரை. நடுவீட்டில் உஷா கிடந்திருந்தால் எப்படிப் போட்டிருப்பாளோ அப்படி, இரண்டு கையாலும் விரித்து, மெதுவாக, கம்ப்யூட்டர் திரையின் மேல் போட்டாள்.

பொரபொர என்று சத்தம். திரையின் மின்சாரம் துணியை இழுத்தது. சேலை காற்றில்லாமல் தானாக நகர்ந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அவள் முழங்கையில் மயிர் எழுந்து நின்றது.

துணிக்குப் பின்னால் கறுப்பு, சிவப்பாக மாறியது.

படம் வந்தது.

முதலில் கால். இரண்டு பெருவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். இடது காலில், உஷாவுக்குச் சின்ன வயசிலேயே ஒடிந்த அந்த நகம். மரகதத்தின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஸ்பீக்கரிலும் அதே சத்தம் வந்தது. கேமரா மெதுவாக மேலே ஏறியது. கொலுசைக் கழற்றிய தடம். பழைய சேலை, வீட்டுச் சேலை. வயிற்றின் மேல் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டிய கை. சாமந்தி மாலை. கழுத்து. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட துணியின் ஒரு நுனி.

அதற்கு மேல் முகம் வர வேண்டும். குறுக்கே ஒரு முதுகு நின்றது.

நீலக் கோட்டு.

கூட்டுகிறவள் கோட்டு. அது தலைமாட்டில் குனிந்து, தாடைக்கட்டின் முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தது. விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தது. வழுக்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அதன் ஊடாகப் பார்த்து அழுதார்கள். ஒருத்தி கையை நீட்டி ஈயை விரட்டினாள். கை நீலக் கோட்டுக்குள் போய் வெளியே வந்தது.

"நவுரு," என்றாள் மரகதம் திரையிடம். தன் முதுகிடம். "கொஞ்சம் நவுரு. நான் பாக்கணும்."

மழை இப்போது ஓட்டின் மேல் மொத்தமாக விழுந்தது. பறைக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திரையில் ஆம்பிளைகள் குனிந்தார்கள். உஷா கிடந்த பெஞ்சின் நாலு மூலையிலும் கை.

"அவுரு," என்றாள். "சீக்கிரம் அவுரு."

முடிச்சு அவிழவில்லை.

நீலக் கோட்டுக்காரி கையை எடுத்தாள். நிமிர்ந்தாள். திரும்பினாள்.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமரா இருந்த பக்கத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற மரகதத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. உன் பிள்ளை, நீ பார் என்று ஒதுங்கிக் கொடுக்கிற மாதிரி, ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தாள்.

கரெண்ட் போனது.

திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. துணிக்குள் அது சிவப்பாகச் சுருங்கியது. அணைந்தது. சிடி சுற்றிச் சுற்றி நின்றது. ஸ்பீக்கர் ஒரு தடவை டப் என்றது.

ஹால் இருட்டு. சன்னல்களில் மட்டும் மழைச் சாம்பல்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கரெண்ட் இல்லாத கண்ணாடியில் இழுவிசை இல்லை. துணி தளர்ந்து கீழே விழ வேண்டும். நைலக்ஸ் வழுக்குகிற துணி. நிற்காது.

விழவில்லை.

தட்டையான கண்ணாடியின் மேல் தட்டையாகக் கிடந்த சேலையில் மேடு பள்ளம் தெரிந்தது. முதலில் மடிப்பு என்று நினைத்தாள். நெற்றி. இரண்டு குழி. மூக்கு. அதற்குக் கீழே, தாடையைச் சுற்றி இறுக்கிய கட்டு அழுத்துகிற கோடு.

மழை.

கை நீட்டினால் தொடலாம். நுனியைப் பிடித்து இழுத்தால் முகம். அதற்குத்தான் வந்தாள். அதற்குத்தான் பந்த்தில் நடந்தாள். அதற்குத்தான் இவ்வளவும்.

கை வரவில்லை.

பழைய பழக்கம் வந்தது. நின்று, கண் கொட்டாமல், வாய் இருக்கிற இடத்தைப் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை.

வெளியே பைக் வந்து நின்றது. ஸ்டாண்டு போடுகிற சத்தம். செருப்பின் ஈரச் சத்தம் படியேறியது. கதவு திறந்து, காற்றும் மழையும் உள்ளே வந்தன. ஓஸ்வால்ட் சட்டைக்குள்ளிருந்து ஒரு சிடியை எடுத்து, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே நின்றான். இருட்டில் அவனுக்கு அவள் நிற்பது மட்டும்தான் தெரிந்தது.

"பந்தயத்துல தோத்துட்டேன் ஆன்ட்டி. தெப்பமா நனைஞ்சிட்டேன். இந்த லைன் முழுக்க கரெண்ட் இல்ல, காலைலதான் வருமாம். ஆனா சாமான் கெடைச்சிட்டுது. வந்ததும் போட்டுடலாம்."

"போட்டாச்சு தம்பி," என்றாள் மரகதம்.

"என்னது?"

அவள் விரல் உதட்டின் மேல் போனது. பேசாதே.

வாய் இருக்கிற இடத்தில் சேலை உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது. உள்ளே போனது. கட்டிய வாய்க்குள்ளிருந்து, வார்த்தை ஆக முடியாத ஒரு சத்தம், ம்ம் என்று, கேட்பது போல, பசியில் கேட்பது போல. அந்தச் சிவப்புத் துணியில் ஒரு காலணா அளவுக்கு ஈரம் ஊறி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாகிக்கொண்டிருந்தது.